ஐந்தரைக் கட்டை

1-9-2003, திங்கள்

வெயில். கச்சான் காத்து ஓயலை, வீடு பூரா மணல். கூட்டினது நான்தான். பஸ் அலுப்பில் பவளம் படுத்துட்டா.

மதுரை டாக்டர் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், வேற எங்கேயும் சொல்ல முடியாது. பவளத்துக்கு நெஞ்சுக்குள்ள கட்டி. அது குரலுக்குப் போற நரம்பை அமுக்குது. கட்டிக்குக் கரண்ட் வைக்கலாம், ரேடியேசன்தான், வச்சாலும் பெரிசா மாறாதுன்னார். முதல்ல குரல்தான் போகும்னார். அப்புறம் என்ன போகும்னு நான் கேட்கலை. வெளியே வந்தா பவளம் பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு தின்னுக்கிட்டிருக்கா.

"என்னவாம்?"

"தொண்டையில புண்ணாம். மாத்திரை எழுதிருக்காரு."

"இம்புட்டுத்தானா. இதுக்கா ரெண்டு பஸ்ஸு?"

அவ தம்பி குமரேசன் கூட வந்திருந்தான். உச்சிப்புளி வந்து சேர்ற வரைக்கும் என் காதுக்குள்ள ஓதிக்கிட்டே வந்தான். "அக்காட்ட மூச்சு விட்றாதீங்க மச்சான். தெரிஞ்சா அன்னைக்கே படுத்துரும்." சரின்னுட்டேன். அவனுக்கென்ன, நாளைக்குப் பரமக்குடி போயிருவான். வீட்டில் இருக்கிறது நாங்க ரெண்டு பேர்.

3-9, புதன்

ஆபீசுக்கு லேட். காரணம் கீழே.

காலையில் ப. வழக்கம்போல ஆர்மோனியத்தை இழுத்து வச்சு ஐந்தரையை அமுக்கினா. கச்சேரி மேடையில் இருபது வருசமா அவ சுருதி அதுதான், ஐந்தரைக் கட்டை. ஐந்தாவது வெள்ளைக் கட்டைக்கு மேலே இருக்கிற கறுப்பு. எங்க குழுவுக்கு வந்து போன எந்தப் பெண்ணும் அந்த உயரத்தில் ராத்திரி பூரா நின்னதில்லை. குழு கலைஞ்சு நாலு வருசம் ஆச்சு, நான் வாசிச்ச கீபோர்டை அப்பவே வித்துட்டேன், ஆனா ப. தினம் காலையில் ஐந்தரையைத் தொட்டுப் பார்க்காம காப்பி குடிக்க மாட்டா. காய்ச்சல் அடிச்சாலும் அதுதான் தெர்மாமீட்டர். "ஐந்தரை நிக்குதுங்க, எனக்கு ஒண்ணுமில்ல."

இன்னைக்கு நிக்கலை. மூணு தடவை அவ வழக்கமா எடுக்கிற அம்மன் பாட்டை எடுத்தா. மூணு தடவையும் மேலே போற இடத்தில் வெறும் காத்து.

"ஐந்தில எடுத்துப் பாரேன்"னேன்.

"ஒருக்கா எறங்கினா எறங்கிக்கிட்டேதான் போகும்" அப்படீன்னு பெட்டியை மூடிட்டா. காப்பி ஆறிப்போச்சு. சாயங்காலம் வரை ஒரு வாய் சாப்பிடலை.

6-9, சனி

காத்து. குழாயில் தண்ணி வரலை.

ப. குளிக்கப் போன நேரத்தில் ஆர்மோனியத்தைக் கவுத்துப் போட்டு துருத்தியைச் சவர பிளேடால் கீறிட்டேன். அவளுக்குச் சீராக வந்த பெட்டி. ஒரே இழுப்பு, கோணாம வந்துச்சு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

என் யோசனை இதுதான். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை அமுக்கினாலும் அந்தச் சத்தம்தான், அது பொய் சொல்லாது. கீபோர்டு அப்படி இல்லை. டிரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன். மைனஸ் ஒண்ணு போட்டா விரல் ஐந்தரையில் இருக்கும், சத்தம் ஐந்தில் வரும். மைனஸ் ரெண்டு போட்டா நாலரை. ப. சத்தத்தைக் கேட்டு எத்தனை கட்டைன்னு சொல்ற ஆள் இல்லை, என் விரலைப் பார்த்துத்தான் சொல்லுவா. அவ குரல் இறங்க இறங்க நானும் இறக்கிக்கிட்டே போவேன். விரல் மட்டும் அதே கறுப்பில். அவ போற நாள் வரைக்கும் ஐந்தரையில் பாடிட்டுப் போகட்டும்.

7-9, ஞாயிறு

"எலி கடிச்சிருக்கு பாரு"ன்னேன்.

ப. துருத்தியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தா. "ஸ்கேல் வச்சா கடிச்சுச்சு?"

எலிப்பொறி வாங்கப் போயிட்டேன். நல்ல கீபோர்டா ஒண்ணு வாங்கி வீட்டிலேயே செட் பண்றேன்னு சொன்னதுக்கு, "இப்ப என்னத்துக்கு"ன்னு கேட்டா, வேண்டாம்னு சொல்லலை.

9-9, செவ்வாய்

பொறியில் எலி. நிஜ எலி. எடுத்துக்கொண்டு போய் ப. முகத்துக்கு நேரா காட்டினேன். "சீ, தூரப் போடுங்க"ன்னா. எனக்கு ஒரு சாட்சி கிடைச்ச சந்தோசம். கேவலம்.

13-9, சனி

மதுரை. வெக்கை தாங்கலை. கீபோர்டு கடையில் ஒரு மணி நேரம். பார்த்தவை:

61 கட்டை, தானே தாளம் போடுறது. டிரான்ஸ்போஸ் போட்டா எண் திரையில் பச்சையா, சுவர்க்கடிகாரம் கணக்காத் தெரியுது. ஆகாது.

76 கட்டை. எண் கொஞ்ச நேரத்தில் மறையுது, ஆனா பட்டன்கிட்ட சிவப்பா ஒரு புள்ளி எரிஞ்சுக்கிட்டே இருக்கு. எட்டாவது நாள் ப. கேட்பா, அது என்ன புள்ளின்னு. கனமும் ஜாஸ்தி.

சின்னது ஒண்ணு, 49. பிள்ளைகள் விளையாடுறது. ப. சிரிச்சிருவா.

கடைக்காரப் பையன் எத்தனை தாளம் எத்தனை வாத்தியம்னு அடுக்கிக்கிட்டே போறான், நான் "எண் தெரியுமா தெரியாதா" அதையே கேட்கிறேன். கடைசியில் அவனுக்கே பொறுக்கலை. "எல்லாரும் எண்ணு தெரியலைன்னுதான் சார் சண்டைக்கு வருவாங்க. நீங்க ஒருத்தர்தான் தெரியக் கூடாதுங்கிறீங்க." எதுவும் வாங்காம வந்துட்டேன். பஸ்ஸில் நின்னுக்கிட்டே ராமநாதபுரம் வரை.

14-9, ஞாயிறு

கமால் பாய் வந்தார். எங்க குழுவில் ரிதம் பேட் வாசிச்சவர், இப்ப மண்டபத்தில் செல்போன் கடை. அவரைத் தெருமுனை வரை கூட்டிக்கிட்டுப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். யாரிடமாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். "இன்னா லில்லாஹி"ன்னு வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கிட்டார். அதைச் சாவுக்குத்தான் சொல்வாங்கன்னு எனக்கும் தெரியும். 

அப்புறம் அவர்தான் வழி சொன்னார். "கட்டை வேற, பெட்டி வேற வாங்குங்க மாஸ்டர்." கட்டை மட்டும் உள்ள கீபோர்டு, அதுக்குச் சொந்தமாச் சத்தமே கிடையாது. சத்தம் பூரா தனிப் பெட்டியில், சவுண்ட் மாட்யூல். ரெண்டுக்கும் நடுவில் ஒரு வயர். "எண்ணும் பெட்டியிலதான் தெரியும். பெட்டியை எங்கன வேணாலும் ஒளிச்சு வச்சுக்கலாம்ல." புதுமடத்தில் அவர் சொந்தக்காரர் ஒருத்தர் துபாய் ஓட்டலில் வாசிச்சிட்டு வந்து சும்மா போட்டு வச்சிருக்காராம்.

இருபது வருசம் பழகின ஆள். "தங்கச்சிட்ட இப்படிச் செய்யலாமா"ன்னு ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

21-9, ஞாயிறு

புதுமடம். கடல் அமைதி. தெரு பூரா கருவாட்டு வாசம், எனக்கு அது தலைவலி.

பெட்டி டிபன் கேரியர் தட்டு உயரம்தான் இருக்கு. பின்னாடி ஓட்டையெல்லாம் உப்புக்காத்தில் பச்சை பிடிச்சிருக்கு, கமால் துடைச்சு மாட்டினார். போட்டுப் பார்த்தோம். வயலின் சத்தம் சீனிப்பாகு. பியானோ பரவாயில்லை. ஆர்மோனியம் இருக்கு, நல்லாவே இருக்கு, கொஞ்சம் மூக்கால பேசுது. மைனஸ் பன்னெண்டு வரை இறங்குது. கட்டைப் பலகை 61, ரெண்டு கட்டை அமுக்கினா மேலே வர யோசிக்குது. சரி பண்ணிக்கலாம்.

வித்தவர் ஒண்ணு சொன்னார். "கரண்ட் போனா இது எல்லாத்தையும் மறந்துரும். எண்ணு சைபருக்கு வந்துரும். நம்ம பயலுக துபாய்க்குப் போன மாதிரி." சிரிச்சார். யு.பி.எஸ். ஒண்ணு வாங்கிப் போடச் சொன்னார். வாங்கணும்.

23-9, செவ்வாய்

ஸ்டாண்ட் பிரச்சினை. கடையில் இருக்கிற எக்ஸ் ஸ்டாண்ட் கால் பரப்பி நிக்குது, கட்டிலை ஒட்டிப் போட முடியாது. பெயின்ட் அடிச்ச இரும்பு, இங்கத்தக் காத்துக்கு மூணு மாசத்தில் துரு. ரெண்டு தட்டு வச்சது வேண்டாம், மேல் தட்டில் என்ன வைப்பீங்கன்னு ப. கேட்பா. எனக்கு வேண்டியது ஒண்ணுதான், அவ எப்படி இருந்தாலும் கட்டையும் என் விரலும் அவ கண்ணுக்குத் தெரியணும்.

உச்சிப்புளி வெல்டிங் பட்டறையில் தண்ணிக் குழாய் பைப்பில் செய்யச் சொன்னேன். ஏத்தி இறக்க வரிசையா ஓட்டை, ஊசி போட்டு நிறுத்திக்கலாம்.

"என்ன உயரம்ணே வேணும்? நின்னுக்கிட்டா, உக்காந்தா, படுத்துக்கிட்டா?"

"மூணுக்கும்"னேன். பட்டறைக்காரன் கேலின்னு நினைச்சுச் சிரிச்சான்.

27-9, சனி

செட் ஆயிருச்சு. பெட்டி பீரோவுக்குள், என் பழைய வேட்டிகளுக்கு அடியில். அவ கை அங்கே போகாது. பீரோ முதுகில் ஓட்டை போட்டு வயரை எடுத்துவிட்டேன். கேட்டா, "ஸ்பீக்கர் வயரு"ன்னேன்.

ப. கட்டையைத் தட்டிப் பார்த்தா. "இது கட்டையே இல்லையே, பிளாஸ்டிக்குல்ல. நம்ம கட்டை மாதிரி நல்லா வேகாது, எரிச்சா நாறும்." சொல்லிட்டு அவளே சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை.

மைனஸ் ஒண்ணு. விரல் ஐந்தரையில். அவ நின்னுக்கிட்டே என் விரலைப் பார்த்துக்கிட்டு எடுத்தா. நின்னுச்சு. மேலே போய் நின்னு, வளைஞ்சு, இறங்கி வந்துச்சு. "மாத்திரை கேக்குதுங்க"ன்னு சொல்லி மூணு தோசை சாப்பிட்டா.

கொல்லைப்பக்கம் போய் அழுதேன். எழுதினா என்ன, யார் படிக்கப் போறா.

5-10, ஞாயிறு

முதல் மழை, பத்து நிமிசம். கொசு.

மைனஸ் ரெண்டு. ஸ்டாண்ட் ஒரு ஓட்டை கீழே, ப. இப்ப நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடுறா. "நின்னா கால் கடுக்குது." காலா கடுக்குது. மூச்சு.

ஆபீசில் ஆடிட், ஞாயித்துக்கிழமையும் போக வேண்டியதாச்சு. தலை நிமிர முடியலை. சாயங்காலம் அவ சத்தம் வெளிவாசல் வரை கேட்டுது. பழைய கணீர் இல்லை, ஆனா சுருதி பிசகலை. அந்தக் காது மட்டும் அப்படியே இருக்கு.

11-10, சனி

வினை. ப. பரணிலிருந்து பழைய கேசட்டை எடுத்துப் போட்டுட்டா. திருப்புல்லாணியில் ஒரு கல்யாணக் கச்சேரி, நான்தான் வாசிச்சது. அதே அம்மன் பாட்டு. கேசட்டில் இருக்கிறவ எங்கேயோ உயரத்தில் பாடுறா.

"ஏங்க, இது ஏன் இப்படிக் கீச்சுன்னு இருக்கு?"

"டேப்பு மோட்டார் வேகமா ஓடுது. பழசாயிருச்சுல்ல."

"ஓ."

கேசட் முடியிற வரைக்கும் கேட்டா. அப்புறம் பரணுக்கே திரும்பி ஏத்தச் சொன்னா. இந்தப் பொய்யெல்லாம் இம்புட்டுச் சுலபமா வருதே எனக்கு. இத்தனை நாள் எங்கே வச்சிருந்தேன்.

19-10, ஞாயிறு

புழுக்கம். மைனஸ் நாலு, அதாவது மூணு கட்டை. போன வாரம் நாலில் இருந்தா. நடுவில் மூணரைன்னு ஒரு கறுப்பு கிடையாது, நாலுக்கு அடுத்து நேரா மூணு. சின்ன வயசிலேருந்து வாசிக்கிறேன், அதைப் பத்தி ஒரு நாளும் நினைச்சதில்லை. இன்னைக்கு அங்கே ஒரு கட்டை இருந்திருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. இன்னும் ஒரு வாரம் கிடைச்சிருக்கும்.

பால்காரர் வாசலில் நின்னு, "உள்ள யாருண்ணே பாடுறது, விருந்தாளா? நல்ல ஆம்பளத் தொண்டை"ன்னார். ப. ஜன்னலை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தா. காதில் விழுந்திருக்கும். உள்ளே வந்து முகத்தைப் பார்த்தேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா, "பால்ல தண்ணி ஜாஸ்தி, அவருட்டச் சொல்லுங்க"ன்னா.

2-11, ஞாயிறு

அடைமழை. நோன்பு ஆரம்பிச்சதிலிருந்து கமால் சாயங்காலம் மண்டபத்திலிருந்து தூக்குவாளியில் கஞ்சி அனுப்புறார். ப.வுக்கு இப்ப அதுதான் இறங்குது. கெட்டியா எதுவும் முழுங்க முடியலை.

குமரேசன் பரமக்குடியிலிருந்து வந்தான். ப. கட்டிலில் சாய்ஞ்சுக்கிட்டு அவனுக்காக ஒரு பாட்டு பாடினா. ஸ்டாண்ட் கட்டில் உயரத்துக்கு வந்தாச்சு, கடைசி ஓட்டை. மைனஸ் அஞ்சு. பாட்டு முடிஞ்சதும் அவன் என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கிட்டுப் போய், "அக்கா ஐந்தரையில நல்லாத்தானே மச்சான் பாடுது? நானும் பார்த்தேன்ல. டாக்டரு தப்பாச் சொல்லிருப்பாரு. வேற எடத்துல காட்டுவோம்"னான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவனும் விரலைத்தான் பார்த்திருக்கான். எண்ணை இறக்கி வச்சிருக்கேன்னு அவன்கிட்டயும் சொல்லலை. அதைவிட மோசம், ஒரு நிமிசம் நானே நம்பினேன். ஒருவேளை தப்பாத்தான் சொல்லிட்டாரோன்னு. என் விரலே என்னை ஏமாத்துது.

யு.பி.எஸ். இன்னும் வாங்கலை. மழை விடட்டும்.

12-11, புதன்

லீவு போட்டேன். காலையிலிருந்து மழை, கூரை ஒரு இடத்தில் ஒழுகுது, கீழே சட்டி.

பத்து மணி வாக்கில் ப. பாடணும்னா. அம்மன் பாட்டு, ரெண்டாவது அடி. கரண்ட் போச்சு. காத்தாடி நின்னு, கீபோர்டு நின்னு, அவ மட்டும் நிறுத்தலை. கட்டில் சட்டத்தில் விரலால தட்டிக்கிட்டே மெதுவா முணுமுணுத்தா. எனக்கு அதைக் கேட்டுக்கிட்டு இருக்கிறதே போதும்னு இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. அந்த நினைப்பில்தான் எல்லாம் மறந்துபோச்சு. கரண்ட் வந்துச்சு.

"விட்ட எடத்துலேருந்து எடுங்க."

விரல் போய் அந்தக் கறுப்பில் உட்கார்ந்துச்சு. அமுக்கின பிறகுதான் தெரிஞ்சுது. ஐந்தரை. நிஜ ஐந்தரை. அந்தக் கேசட்டைத் தவிர, இந்த வீட்டில் ரெண்டு மாசமா கேட்காத சத்தம். பெட்டி எல்லாத்தையும் மறந்து சைபருக்கு வந்திருச்சு.

ப. வாயைத் திறந்தா. காத்து. மறுபடி எடுத்தா. அப்புறம் இருமல், நிக்கவே இல்லை. தண்ணி குடுத்தேன், பாதி தலையணையில். இருமல் நின்ன பிறகு என் கையைப் பார்த்தா. என் விரல் இன்னும் அந்தக் கட்டையில்தான் இருந்துச்சு, இன்னொரு கையில் தம்ளர். எடுக்கத் தோணலை.

"அதே கட்டைதானே?"

"ம்."

"இந்த வயரு எங்கன போகுது?"

பீரோவைக் காட்டி, சத்தப் பெட்டி உள்ளே இருக்குன்னேன்.

"எத்தன எறக்கி வச்சிருந்தீங்க?"

"அஞ்சு."

விரல் விட்டுக் கணக்குப் பார்த்தா. "ரெண்டரை. ரெண்டரையிலயா பாடிக்கிட்டு இருந்தேன், ஆம்பள மாதிரி."

தம்ளரைக் கீழே வச்சு, நனைஞ்ச தலையணையைத் திருப்பிப் போட்டேன்.

"டாக்டரு புண்ணுன்னு சொல்லலை."

"இல்லை."

"எலியும் இல்லை."

"இல்லை."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். என்னமோ செய்றீகன்னு தெரியும், என்னன்னுதான் தெரியலை."  அவ என்னைத் திட்டுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன்.

"அந்தப் பெட்டியில எது வரைக்கும் எறங்கும்?"

"பன்னெண்டு."

"அப்ப ஏழு இருக்கு"ன்னுட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

சட்டி நிறைஞ்சு தரையெல்லாம் தண்ணி. துடைச்சேன்.

13-11, வியாழன்

மழை. அவ சுவரைப் பார்த்தே படுத்திருக்கா. குமரேசனுக்குப் போன் போட்டு அக்காவுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு சொன்னேன். போனில் அழுதான். கமால் அனுப்பின கஞ்சி அப்படியே இருக்கு.

16-11, ஞாயிறு

மழை விட்டிருக்கு, மண்டபம் பக்கம் இன்னும் கறுப்பு. யு.பி.எஸ். இனி வேண்டாம்.

ப. சொல்லி பெட்டியைப் பீரோவிலிருந்து எடுத்து அவ தலைமாட்டில் வச்சேன், ஒரு ஸ்டூல் போட்டு. பீரோ முதுகில் ஓட்டைதான் மிச்சம். எந்தப் பட்டன்னு கேட்டா, காட்டினேன்.

மைனஸ் அஞ்சில் அம்மன் பாட்டை எடுத்தா. மேலே நிக்கலை. இன்னொரு தடவை. நிக்கலை. பழக்கத்தில் நான் கையை நீட்டினேன்.

"நீங்க விடுங்க."

கண்ணாடியை வாங்கி மாட்டிக்கிட்டு அவளே அமுக்கினா. எண் மாறுறதைப் பார்த்தா. பாட்டு முழுசும் வந்துச்சு, ரெண்டு கட்டையில், கடைசி அடி வரை.

"இன்னும் ஆறு இருக்கு"ன்னா.